சக்கரம் இல்லாத விமானம்

பத்து வயது வரைக்கும், எங்கள் அப்பாவைப் போன்ற பக்திமான் அருள்புரத்தில் வேறு யாரும் கிடையாது என்று நம்பிக்கொண்டிருந்தேன். பழனிக்குப் போனால் அவர் விஞ்ச் வண்டியில் ஏறமாட்டார். நானும் அம்மாவும் மாமாவும் வரிசையில் நின்று இடம் பிடித்துச் சொகுசாக மலைக்கு மேலே போய்ச் சேருவோம். அப்பா மட்டும் படியேறித்தான் வருவார். வேர்க்க விறுவிறுக்க வந்து நின்று, "முருகனுக்கு நேந்துட்டேன் கண்ணு, அதான்" என்பார். என்ன வேண்டுதல், எப்போது நேர்ந்தது என்றெல்லாம் யாரும் கேட்டதில்லை. பள்ளிக்கூடத்தில் இதைச் சொல்லியே நான் நிறையப் பெருமை அடித்துக்கொண்டேன்.

பெருமாநல்லூர் குண்டம் திருவிழாவுக்குப் போனால் ராட்டினத்திலும் ஏறமாட்டார். அங்கே முருகனைத் துணைக்கு இழுக்க முடியாது என்பதால், "ஆராச்சும் ஒருத்தரு செருப்பப் பாக்கோணுமல்ல" என்று சொல்லிவிட்டு, எங்கள் செருப்புகளைக் கையில் பிடித்தபடி கீழேயே நின்றுகொள்வார். என்ன பொறுப்பான மனிதர் என்று ராட்டினத்தின் உச்சியிலிருந்து அவரைப் பார்த்து நான் கையாட்டுவேன்.

இந்தப் பக்தியும் பொறுப்பும் சேர்ந்து ஒரு நாள் எங்கள் பிழைப்புக்கே உலை வைக்கப் பார்த்தன.

எங்களுக்கு ஒரு பனியன் கம்பெனி இருந்தது. கம்பெனி என்றால் பெரிதாக நினைத்துக்கொள்ள வேண்டாம். கீழே தையல் மிசின்களும் ஒரு நீளமான கட்டிங் டேபிளும், மேலே எங்கள் வீடு, அவ்வளவுதான். ஒரு பெரிய கம்பெனி கொடுக்கிற வேலையைத் தைத்துக் கொடுத்துவிட்டுக் கூலி வாங்கிக்கொள்வோம். அந்தப் பெரிய கம்பெனி திடீரென்று பல்லடம் ரோட்டில் தானே ஒரு தையல் கூடம் கட்டிக்கொண்டது. எங்களுக்கு வந்துகொண்டிருந்த வேலை குறைந்தது. மிசின்கள் ஒவ்வொன்றாக உறை போட்டு மூடப்பட்டன. உறை போட்ட மிசின் மேல் ஏறி உட்கார அனுமதி கிடைத்ததால் எனக்கு மட்டும் அது சந்தோஷமாக இருந்தது.

அந்தச் சமயத்தில்தான் சென்னையில் இருந்த ஏஜெண்ட் ஒருவர் ஒரு வழி சொன்னார். ஜெர்மனியில் ஒரு கண்காட்சி நடக்கப்போகிறது. குழந்தைகள் உடுப்பு வாங்குகிற ஓர் அம்மாள் அங்கே வருகிறார். பெரிய கம்பெனிகளோடு மாரடித்து அலுத்துப்போய் இப்போது சின்ன கம்பெனியாகத் தேடுகிறார். ஆனால் அவருக்கு இடையில் ஆள் இருப்பது பிடிக்காது. முதலாளியே நேரில் வந்து உட்கார்ந்தால்தான் பேசுவார். போனால் சொந்தமாக ஆர்டர் எடுக்கலாம். போகாவிட்டால் மிச்சம் இருக்கிற மிசின்களுக்கும் உறை தைக்க வேண்டியதுதான்.

ஏஜெண்ட் எதற்கும் இருக்கட்டும் என்று அப்பாவுக்கும் மாமாவுக்கும் சேர்த்தே விசா வாங்கி வைத்துவிட்டார். கம்பெனியைப் பார்த்துக்கொள்ள ஒருவர் இங்கே இருந்தாக வேண்டும் என்பதால் போகப்போவது ஒருவர்தான். யார் பெயரில் டிக்கெட் போடுவது என்று கேட்டு அவர் போன் செய்துகொண்டே இருந்தார். அப்பா ஒவ்வொரு தடவையும் ஒரு காரணம் சொன்னார். "மிசினை உட்டுப்போட்டு நா எப்படிங்க வர்றது?" என்றார். அங்கே ரொட்டியும் கறியுமாக இருக்கும், ஒத்துக்கொள்ளாது என்றார். கடைசியில், "நமக்கு இங்கிலீசு வராதுங்க, மாப்ள போயிட்டு வரட்டும்" என்று முடிப்பார்.

மாப்பிள்ளை என்று அவர் சொன்னது என் மாமாவை. அம்மாவின் தம்பி. படிப்பு முடிந்ததும் தாராபுரத்திலிருந்து எங்கள் கம்பெனிக்கு வந்து சேர்ந்தவர். கட்டிங் முழுவதும் அவர் கையில். அவருக்கு விமானப் பித்து. சாயங்காலம் கோயமுத்தூர் பக்கம் இறங்கப்போகிற விமானத்தின் சத்தம் கேட்டால் போதும், கையில் இருக்கிற கத்தரியை அப்படியே போட்டுவிட்டு மொட்டை மாடிக்கு ஓடுவார். பெண் பார்க்கப் போன இடத்தில், பெண் காபி கொண்டுவந்த நேரத்தில் ஜன்னல் வழியாக வானத்தைப் பார்த்துக்கொண்டிருந்து சம்பந்தத்தைக் கெடுத்துக்கொண்டவர் என்று அம்மா கேலி செய்வாள். அந்த மாமாவே, "ஓனரு வந்தாத்தான் பேசுவேங்கறாங்க மச்சான், நா போயி என்னுங்க பண்றது?" என்று அப்பாவிடம் தினமும் மல்லுக்கட்டிக்கொண்டிருந்தார்.

மாமாவுக்குச் சிங்கப்பூரில் ஒரு சினேகிதர் உண்டு. அவர் ஊருக்கு வந்தபோது ஒரு பெட்டி கொண்டுவந்து கொடுத்தார். பெட்டியின் மேல், மேகத்துக்கு நடுவே பறக்கிற ஒரு பெரிய பயணிகள் விமானத்தின் படம். உள்ளே வெள்ளை பிளாஸ்டிக்கில் சின்னச் சின்னத் துண்டுகள். சன்னமான சட்டங்களில் காம்பு வைத்த காய்கள் மாதிரி ஒட்டிக்கொண்டிருந்தன. அவற்றைப் பிரித்து எடுத்துப் பசை வைத்து ஒட்டினால், நிஜ விமானத்தை அப்படியே சுருக்கிய மாதிரி, முழங்கை நீளத்துக்கு ஒரு விமானம் கிடைக்கும்.

கட்டிங் டேபிளில் துணி இல்லாத நாள் அது. மாமா பெட்டியை அதன் மேல் பரப்பினார். எப்படிச் செய்யப்போகிறோம் என்று கேட்டேன்.

"இதுவும் நம்ம ஆர்டரு மாதிரித்தான் அம்மிணி. மொதல்ல கட்டிங்கு. அப்பறம் பண்டலு. அதுக்கப்பறம் ஜாயிண்ட்டு" என்றார்.

பனியன் கம்பெனிக்காரருக்கு இதைவிட நியாயமான யோசனை வராது. ஒரு கையை வெட்டித் தைத்துவிட்டு, பிறகு போய்க் கழுத்தை வெட்டிக்கொண்டு வருகிற வழக்கம் எந்தக் கம்பெனியிலும் கிடையாது. எல்லாவற்றையும் வெட்டி, கையைக் கையோடும் கழுத்தைக் கழுத்தோடும் சேர்த்துக் கட்டிய பிறகுதான் மிசினுக்கே போகும். அதனால் மாமா, எங்கள் கம்பெனியில் பிசிறு வெட்டுகிற தென்காசி அக்காவைக் கூப்பிட்டார். தைத்து வருகிற பனியனில் நீட்டிக்கொண்டிருக்கிற நூல் முனைகளை நறுக்குவதுதான் அவளுடைய வேலை. அதில் அவளை அடித்துக்கொள்ள ஆள் இல்லை. அக்கா உட்கார்ந்து ஒவ்வொரு துண்டையும் சட்டத்திலிருந்து வெட்டி எடுத்து, காம்பு இருந்த இடம் தெரியாமல் நறுக்கினாள். நான் பெரியதைப் பெரியதோடும் உருண்டையை உருண்டையோடும் சேர்த்துப் பாலிதீன் பைகளில் போட்டேன். காலியான சட்டங்களை மாமா கட்டிங் வேஸ்ட் மூட்டைக்குள் திணித்தார். மத்தியானம் வேஸ்ட் வண்டி வந்து மூட்டையை எடுத்துக்கொண்டு போனது.

"ஒரு பிசிறு இல்லாம நறுக்கியாச்சுண்ணே, தொட்டுப் பாத்துக்கிடுங்க" என்று அக்கா பெருமையோடு எழுந்து போனாள்.

அதன் பிறகுதான் மாமா பெட்டியில் இருந்த விளக்கத் தாளை விரித்தார். அதில் எழுத்தே அதிகம் இல்லை. எல்லாம் படமும் எண்ணும். இந்த எண்ணை அந்த எண்ணோடு ஒட்டு, அதன் மேல் இந்த எண்ணை வை என்று அம்புக்குறி போட்டிருந்தது. மாமா ஒரு துண்டை எடுத்து முன்னும் பின்னும் திருப்பிப் பார்த்தார். இன்னொன்றை எடுத்துப் பார்த்தார். எந்தத் துண்டிலும் எண் இல்லை. எண்கள் எல்லாம் சட்டத்தில், அந்தந்தத் துண்டுக்குப் பக்கத்தில் இருந்திருக்கின்றன. சட்டம் வேஸ்ட் வண்டியில் ஏறி எங்கேயோ போய்க்கொண்டிருந்தது. மாமாவின் முகத்தில் ஈயாடவில்லை. மேலே இருந்து எட்டிப்பார்த்த அம்மா விஷயத்தைக் கேட்டுவிட்டு, படிக்கட்டிலேயே உட்கார்ந்து வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தாள்.

சிரிப்புச் சத்தம் கேட்டு அப்பா வந்தார். இந்த இடத்தில் அப்பாவின் இன்னொரு குணத்தைச் சொல்ல வேண்டும். மூடி போட்டிருக்கிற எந்த மிசினையும் அவர் நம்பமாட்டார். புது ஓவர்லாக் மிசின் வந்தால் கரண்ட் கொடுப்பதற்கு முன்னால் மூடியைக் கழற்றி, எது எதை இழுக்கிறது, எது எதைத் தள்ளுகிறது என்று பார்த்தாக வேண்டும். அம்மாவின் மிக்சிக்கும் அதே கதிதான். அப்பேர்ப்பட்டவருக்கு முன்னால், எது எங்கே போகும் என்று யாருக்குமே தெரியாத ஒரு குவியல் துண்டுகள் கிடந்தன.

"இது வாலு மாதிரி இருக்குதுங்களே மாப்ள" என்று ஒன்றை எடுத்தார். பிறகு அதற்குப் பொருந்துகிற பள்ளம் எதில் இருக்கிறது என்று தேடினார். அவர் கொண்டுவந்த டீ ஆறிப்போனது. அவர் பாட்டுக்கு ஸ்டூலை இழுத்துப் போட்டு உட்கார்ந்துவிட்டார்.

மாமா அவரையே பார்த்துக்கொண்டிருந்தார். கொஞ்ச நேரம் கழித்து, கண்ஜாடை காட்டி என்னை வெளியே கூட்டிக்கொண்டு போனார். குனிந்து என் காதில் சொன்னார்.

"அம்மிணி, ஒரு ரகசியம். உங்கப்பாவுக்கு மேல போறதுன்னாப் பயம். விஞ்சுல ஏறாததும் அதான். ஆருகிட்டயும் சொல்லப்படாது. ஆனா பாத்தீல்ல, அவுரு கையிலயே அந்தப் பிளேனச் செஞ்சு முடிச்சாருன்னு வையி, பயம் போயிரும். நீயும் நானும் ஒண்ணுந் தெரியாத மாதிரியே இருக்கோணும். என்ன?"

என் தலையில் இடி விழுந்த மாதிரி இருந்தது. அப்பாவின் பக்தி அந்த நிமிஷமே ஆவியாகிப் போனது. பள்ளிக்கூடத்தில் இனி என்ன சொல்வது என்கிற கவலை ஒரு பக்கம். பெரியவர்களின் ரகசியத்தில் எனக்கும் பங்கு கிடைத்துவிட்ட பூரிப்பு மறுபக்கம். பூரிப்புதான் ஜெயித்தது. அன்றிலிருந்து நான் மாமாவின் கட்சி.

அதன் பிறகு தினமும் சாயங்காலம் கட்டிங் டேபிளில் எங்கள் கூட்டம் கூடியது. அப்பா துண்டைத் தேடுவார். மாமா பசை வைப்பார். நான் காய்கிற வரைக்கும் பிடித்துக்கொள்வேன். விமானத்தின் உடம்பு இடது பாதி, வலது பாதி என்று இரண்டாக இருந்தது. அப்பா ஒரு பாதியைக் கையில் எடுத்து உள்ளே பார்த்துவிட்டுத் திகைத்துப் போனார்.

"ஏனுங்க மாப்ள, உள்ள ஒண்ணுமே இல்லீங்களே! மிசினு எங்க?"

"இஞ்சினு ரெக்கைக்கு அடியில இருக்குதுங்க மச்சான். இது ஆளுங்க உக்கார்ற எடம்."

"அப்ப இத்தாத்தண்டியத் தூக்கறது எது?"

மாமா பொறுமையாக யோசித்தார். "வேன்ல போறப்பக் கையை வெளிய நீட்டிப் பாருங்க மச்சான். உள்ளங்கையச் சித்தெ மேல சாச்சாக் காத்து அப்பிடியே தூக்குமுங்க. அதேதான்."

மறுநாள் அப்பா பல்லடத்துக்கு வேனில் போனபோது நானும் கூட இருந்தேன். ஒரு கையால் ஸ்டீரிங்கைப் பிடித்துக்கொண்டு, இன்னொரு கையை ஜன்னலுக்கு வெளியே நீட்டி, சாய்த்து, நிமிர்த்தி, மறுபடி சாய்த்துப் பார்த்துக்கொண்டே வந்தார். இவர் வலது பக்கம் திரும்பப்போகிறார் என்று நினைத்து, பின்னால் வந்த பஸ்காரர் ஹாரனை அழுத்திப் பிடித்துக்கொண்டு திட்டினார். அப்பாவின் காதில் அது விழவே இல்லை. "தூக்குது கண்ணு" என்று என்னிடம் சொன்னார்.

இன்னொரு நாள் இறக்கையின் நுனியைப் பிடித்து லேசாக வளைத்தார். அது வளைந்தது. "இது ஆடுதுங்களே" என்றார். நிஜ விமானத்திலும் ஆடும் என்று மாமா சொன்னதும் அப்பாவின் முகம் போன போக்கைப் பார்த்து, எங்கள் திட்டம் அன்றோடு கவிழ்ந்தது என்றுதான் நினைத்தேன். மாமா பக்கத்தில் கிடந்த ஒரு பனியன் துணித் துண்டை எடுத்து அப்பாவின் கையில் கொடுத்தார். "இழுங்க மச்சான்" என்றார். அப்பா இழுத்தார். துணி நீண்டு, விட்டதும் பழையபடி ஆனது. "இது வளைஞ்சு குடுக்கறதுனாலதானுங்க கிழியறதில்ல. அதுவும் அப்பிடித்தானுங்க." அப்பா துணியை இன்னும் இரண்டு தடவை இழுத்துப் பார்த்தார். பனியன் துணியைப் பற்றி அவருக்கு யாரும் சொல்லிக் கொடுக்க வேண்டியதில்லை. இறக்கையை எடுத்து உடம்போடு பொருத்தி, ஒட்டச் சொல்லி மாமாவிடம் நீட்டினார்.

இப்படியாக விமானம் உருவானது. எண்ணே இல்லாமல் அப்பா அத்தனையையும் கண்டுபிடித்துவிட்டார், சக்கரத்தைத் தவிர. சக்கரம் இருந்தது, அதைத் தாங்குகிற கால்களும் இருந்தன. ஆனால் எந்தக் காலும் எந்தக் குழியிலும் நிற்கவில்லை. அப்பா பூதக்கண்ணாடி வைத்துப் பார்த்த பிறகுதான் விஷயம் புரிந்தது. காலின் மேல்முனையில், குழிக்குள் நுழைவதற்காக ஊசி மாதிரி ஒரு நுனி இருக்க வேண்டும். தென்காசி அக்கா அதையும் சேர்த்து நறுக்கித் தள்ளியிருந்தாள்.

"நான் பிசிறுன்னுல்லா நெனச்சேன்" என்று அக்கா கையைப் பிசைந்தாள். அவளைக் குறை சொல்ல யாருக்கும் மனசு வரவில்லை. நீட்டிக்கொண்டிருக்கிறதை நறுக்கத்தானே அவளுக்குச் சம்பளம் கொடுக்கிறோம்.

நான் அழுதுவிட்டேன். இவ்வளவு தூரம் வந்த பிறகு விமானம் நொண்டியாகிப் போனால் அப்பாவின் பயம் எப்படிப் போகும் என்பது என் கவலை. அதை வெளியில் சொல்லவும் முடியாது. மாமா விளக்கத் தாளின் கடைசிப் பக்கத்தைத் திருப்பினார். அங்கே இரண்டு படங்கள் இருந்தன. ஒன்றில் விமானம் சக்கரத்தின் மேல் தரையில் நின்றது. இன்னொன்றில் ஒரு தாங்கியின் மேல், வயிறு வழவழவென்று மூடியிருக்க, ஆகாயத்தில் பறக்கிற பாவனையில் இருந்தது. விமானத்தை எப்படி வைத்துக்கொள்வது என்பது செய்கிறவர் இஷ்டம்.

"பறக்கற மாதிரியே வெச்சரலாமுங்க மச்சான்" என்றார் மாமா.

அப்பா மிச்சம் இருந்த துண்டுகளிலிருந்து தட்டையான மூன்றைப் பொறுக்கி எடுத்தார். இத்தனை நாள் எதற்கென்று தெரியாமல் கிடந்தவை. விமானத்தைக் கவிழ்த்து, வயிற்றில் சக்கரத்துக்காக இருந்த குழிகளின் மேல் ஒவ்வொன்றாக வைத்தார். மூன்றும் இம்மி பிசகாமல் உட்கார்ந்தன. விரலால் தடவிப் பார்த்தார். "கதவு" என்றார். அந்த ஒரு வார்த்தையை அவர் சொன்ன விதம் இன்னும் என் காதில் இருக்கிறது. திருட்டுப் போனதாக நினைத்த பொருளை வீட்டிலேயே கண்டுபிடித்தவரைப் போல இருந்தது அவர் குரல்.

பெட்டியோடு வந்த தாங்கி சட்டங்களோடு சேர்ந்து வேஸ்ட்டில் போயிருக்க வேண்டும், கிடைக்கவில்லை. நூல் சுற்றி வருகிற காலிக் கோன் எங்கள் கம்பெனியில் மலை மாதிரி கிடக்கும். மாமா அதில் ஒன்றை எடுத்து நுனியை வெட்டி, விமானத்தின் வயிற்றை அதன் மேல் உட்கார வைத்தார். மூக்கைக் கொஞ்சம் மேலே தூக்கிவிட்டார். அடடா, அப்போதுதான் கிளம்பியது போல நின்றது. நான் அழுததை மறந்து கைதட்டினேன்.

மறுநாள் ஞாயிற்றுக்கிழமை. சாப்பாட்டுக்குப் பிறகு அதை மேலே வீட்டுக்குக் கொண்டுவந்து டிவி பெட்டியின் மேல் வைத்தோம். சாயங்காலம் ஏஜெண்ட் போன் செய்வதாகச் சொல்லியிருந்தார். இனி தள்ளிப்போட முடியாது, அன்றைக்கு ஒரு பெயரைச் சொல்லியாக வேண்டும். அடுக்களையிலிருந்து கையைத் துடைத்துக்கொண்டே வந்த அம்மா விமானத்தைப் பார்த்தாள். சுற்றிவந்து பார்த்தாள். குனிந்து அடியிலும் பார்த்தாள்.

"ஏனுங்க, சக்கரம் எங்கீங்க?"

நான் மாமாவைப் பார்த்தேன், மாமா அப்பாவைப் பார்த்தார்.

"ஊருக்குப் போற பேச்சு நடக்கற ஊட்டுல, சக்கரமில்லாத பிளேனக் கொண்டாந்து வெச்சிருக்கறீங்களே, நல்லாவாங்க இருக்குது? போறது ஆரா இருந்தாலும் எறங்க வேண்டாமுங்களா?"

முடிந்தது, அப்பா இதைப் பிடித்துக்கொள்வார், சகுனம் சரியில்லை என்று சொல்லி நழுவிவிடுவார் என்று நினைத்தேன். மாமாவும் அதையேதான் நினைத்திருக்க வேண்டும்; பதில் சொல்ல வாயெடுத்தார். அதற்குள் அப்பா எழுந்து போய் விமானத்தைக் கையில் எடுத்தார்.

"சக்கரம் உள்ள இருக்குது" என்றார்.

"உள்ளயா?"

"இங்க பாரு. இது கதவு. மேல கெளம்புனதும் காலு மடங்கி உள்ள போயி, கதவு சாத்திக்கும். வெளிய நீட்டிக்கிட்டே போனாத்தான் காத்து இழுக்கும். எறங்கறப்பக் கதவு தெறக்கும், காலு தானா வெளிய வந்துரும்." சொல்லச் சொல்ல, ஒவ்வொரு கதவாக விரலால் தொட்டுக் காட்டினார். மிக்சியைப் பிரித்து அம்மாவுக்கு விளக்குகிற அதே குரல். அதில் நடுக்கம் கொஞ்சமும் இல்லை.

அம்மா விடுகிறவள் இல்லை. "நீங்க பாத்தீங்களாக்கும்?" என்றாள்.

அப்பா விமானத்தைப் பார்த்தார். பிறகு அம்மாவைப் பார்த்தார்.

"போயிப் பாத்துட்டு வந்து சொல்றேன்" என்றார்.

அம்மாவுக்கு முதலில் புரியவில்லை. புரிந்ததும் முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டாள். நான் எகிறிக் குதித்து மாமாவைப் பார்த்தேன். மாமா தன் விரல்களில் காய்ந்து ஒட்டியிருந்த பசையை உரித்துக்கொண்டிருந்தார். அதை முழுவதும் உரித்து முடித்த பிறகுதான் தலையை நிமிர்த்தினார்.

"அப்ப ஏஜெண்ட்டுகிட்ட உங்க பேரையே சொல்லீரட்டுமுங்களா மச்சான்?"

"சொல்லீருங்க மாப்ள."

மாமா சிரித்தார். போன் வந்ததும் அப்பாவின் பெயரை எழுத்துக் கூட்டிச் சொன்னார். பிறகு மொட்டை மாடிக்குப் போனார். சாயங்கால விமானம் அப்போதே போய்விட்டது, இனி எதுவும் வராது என்று எனக்கே தெரியும். காயப்போட்ட துணியை எடுக்கப் போயிருப்பார் என்று நினைத்துக்கொண்டேன். அம்மா பூஜை அறையிலிருந்து சந்தனமும் குங்குமமும் கொண்டுவந்து, புது மிசினுக்கு வைப்பதைப் போல விமானத்தின் மூக்கில் ஒரு பொட்டு வைத்தாள்.

அப்பா கிளம்பிய நாளில் எல்லோரும் கோயமுத்தூர் விமான நிலையம் வரைக்கும் போனோம். ஜெர்மனியில் குளிர் என்பதால், மாமா தனக்கென்று முன்பே வாங்கி பீரோவில் வைத்திருந்த தடித்த கோட்டை அப்பாவுக்குப் போட்டுவிட்டார். மாமா உயரமானவர். கோட்டின் கைகள் அப்பாவின் விரல் நுனி வரைக்கும் தொங்கின. கையைத் தேடிப் பிடித்துத்தான் நான் முத்தம் கொடுக்க வேண்டியிருந்தது. "பயமா இருக்குதாப்பா?" என்று கேட்க வாய் வரைக்கும் வந்துவிட்டது, ரகசியம் ஆயிற்றே என்று விழுங்கிக்கொண்டேன். அப்பா உள்ளே போகும்போது ஒரு தடவை திரும்பிப் பார்த்தார். முகம் வெளுத்துத்தான் இருந்தது. ஆனால் கால் நிற்கவில்லை.

அந்த அம்மாள் ஆர்டர் கொடுத்தார் என்பதை இங்கேயே சொல்லிவிடுகிறேன். குழந்தைகள் இரவில் போட்டுக்கொள்கிற உடுப்புகள். பொங்கலுக்குள் எங்கள் மிசின்களின் உறைகளை எல்லாம் கழற்றிவிட்டோம். அப்பாவோ, எந்தக் கல்யாண வீட்டுக்குப் போனாலும் பந்தி முடிவதற்குள், மேகத்துக்கு மேலே வெயில் எப்படி அடிக்கும் என்று பக்கத்து இலைக்காரருக்குச் சொல்லாமல் இருக்கமாட்டார். சக்கரம் வெளியே வருகிற சத்தத்தை வாயாலேயே செய்து காட்டுவார். அடுத்த வருஷக் கண்காட்சிக்கும், அதற்கடுத்த வருஷத்துக்கும் அவரேதான் போனார். வாங்குகிறவர்களுக்கு அவர் முகம்தான் பழகியிருந்தது. மாமாவும் ஒரு நாள் விமானம் ஏறினார். ஆனால் அது வெகுகாலம் கழித்து, அவர் மகள் வேலைக்குப் போய், அவரைக் கூட்டிக்கொண்டு போனபோது.

அப்பா முதல் தடவை கிளம்பிய அன்றைக்கு, அவரை அனுப்பிவிட்டு வெளியே வந்து, ரோட்டோரம் வண்டியை நிறுத்தி மூவரும் காத்திருந்தோம். அப்பாவின் விமானம் மதிலுக்கு மேலே எழும்பியது. எழும்பிய கொஞ்ச நேரத்தில் அதன் கால்கள் மடங்கி உள்ளே போயின. "போயிருச்சு பாத்தியா, போயிருச்சு பாத்தியா" என்று மாமா கூவினார். விமானம் புள்ளியாகி, புள்ளியும் மறைந்த பிறகும் அண்ணாந்தே நின்றார். வெயில் பட்டோ என்னவோ அவர் கண்ணில் தண்ணீர் வழிந்தது.

"மாமா, உங்களுக்கும் விசா இருக்குதல்லங்க? நீங்க ஏன் போகுல?" என்று கேட்டேன்.

"நானும் போயிட்டாக் கட்டிங்க ஆரு பாக்கறது கண்ணு?" என்றார்.

பெரியவர்கள் சொல்கிற இந்த மாதிரிக் காரணங்களுக்கு என்ன அர்த்தம் என்று நான் அப்போது நன்றாகப் படித்து வைத்திருந்தேன். முருகனுக்கு நேர்ந்துகொண்டது, செருப்பைப் பார்த்துக்கொள்வது, மிசினை விட்டுவிட்டு வர முடியாதது. எனக்குப் பளிச்சென்று விளங்கிவிட்டது. பாவம், மாமா. இத்தனை நாள் நம்மிடமே மறைத்துவிட்டாரே என்று இருந்தது. வண்டியில் அவர் முன்னால் உட்கார்ந்து ஓட்டினார். நானும் அம்மாவும் பின்னால். அம்மாவின் காதருகே போய், அவருக்குக் கேட்காதபடி மெதுவாகச் சொன்னேன்.

"அம்மா, மாமாவுக்கும் பயம். நாம இன்னொரு பொட்டி வாங்கிக் குடுத்தம்னா, அவரு கையிலயே செஞ்சு, பயம் போயிரும்."

எதற்கெடுத்தாலும் சிரிக்கிற அம்மா சிரிக்கவில்லை. என் தலையை இழுத்துத் தன் மடியில் சாய்த்துக்கொண்டு, வீடு வந்து சேரும் வரைக்கும் தன் தம்பியின் முதுகையே பார்த்துக்கொண்டு வந்தாள்.